பட்டைகளும் பேனல்களும்: லைம் நோய்ப் பரிசோதனைகள், ஒரு மதிப்பீடு

நியூஜெர்சியிலோ கனெக்டிகட்டிலோ குடியிருப்பவர் ஒருவர், தோட்ட வேலை பார்த்த இரண்டாவது வாரத்தில் காய்ச்சலும் மூட்டுவலியுமாக டாக்டரிடம் போகிறார். உண்ணி கடியால் வரும் லைம் நோயாக இருக்குமோ என்று சந்தேகம். எந்த டெஸ்ட் எடுப்பது என்று விசாரித்தால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு பதில்கள் வந்து சேரும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யும் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் சொல்வது: இரண்டடுக்கு எதிர்ப்பொருள் பரிசோதனை, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். எதிர்த்தரப்பு சொல்வது: அந்தப் பரிசோதனை பாதி நோயாளிகளைக் கோட்டை விட்டுவிடும், லைமுக்கென்றே நடத்தப்படும் தனி ஆய்வகத்துக்கு ரத்தத்தை அனுப்புங்கள், கூடவே பபீசியா, எர்லிக்கியா, பார்டனெல்லா போன்ற வேறு கிருமிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பேனல் எடுத்துவிடுங்கள்.

இந்தச் சண்டை மருத்துவ இதழ்களோடு நிற்கவில்லை. 2006-இல் கனெக்டிகட் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் புளூமெந்தால், தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் லைம் வழிகாட்டு நெறிகள் மீது வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் விசாரணையே தொடங்கினார். 2008-இல் சமரசமாயிற்று. தனிக்குழு ஒன்று அந்த நெறிகளை மறுபடி அலசி, அவற்றில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்று 2010-இல் சொன்னது. ஆனாலும் பகை ஆறவில்லை. 2013-இல் வர்ஜீனியா மாநிலம் ஒரு சட்டமே போட்டது: லைம் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் டாக்டர், முடிவு நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது என எழுதிய தாள் ஒன்றை நோயாளியின் கையில் கொடுத்தாக வேண்டும். மூன்று ஆண்டு கழித்து மேரிலாந்தும் அதே வழியில் போனது.

நோயாளிகளின் அவநம்பிக்கைக்கு வேர் இல்லாமலில்லை. இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்ததே அவர்களால்தான். 1975-இல் கனெக்டிகட்டில் லைம் என்ற ஊரைச் சுற்றியிருந்த பிள்ளைகளுக்கு வரிசையாக முழங்கால் வீங்கியபோது, இது தற்செயல் இல்லை என்று மாநிலச் சுகாதாரத் துறையிடம் விடாமல் சொன்னவர்கள் பாலி மரே போன்ற தாய்மார்கள். அதன் பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் ஸ்டீர் வந்தார். உண்ணியின் வயிற்றில் சுருள் வடிவப் பாக்டீரியாவை வில்லி பர்க்டார்ஃபர் கண்டது 1981-இல். உலகுக்கு அறிவித்தது அடுத்த ஆண்டு. டாக்டர்கள் கண்ணில் படாததைத் தாய்மார்கள் கண்டுபிடித்த ஊர் அது. அங்கே "ரிப்போர்ட் நெகட்டிவ், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற வாக்கியம் எடுபடாமல் போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சரி, பரிசோதனைக்கு வருவோம். காசநோய்க்குச் சளியில் கிருமியைத் தேடுவதுபோல லைமுக்கு ரத்தத்தில் கிருமியைத் தேட முடியாதா? முடியும், ஆனால் கிடைக்காது. லைம் கிருமியான பொரிலியா பர்க்டார்ஃபெரி ரத்தத்தில் கொஞ்ச நாள்தான் சுற்றும், அதுவும் மிகக் குறைந்த எண்ணிக்கையில். அப்புறம் தோலிலும் மூட்டிலும் நரம்பிலும் போய் ஒதுங்கிவிடும். ஆகவே ரத்தத்தில் பி.சி.ஆர். எடுத்து நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த நீரில் பி.சி.ஆர். செய்வது வேறு விஷயம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏற்கெனவே உறுதியான நோயாளிக்கு அது கூடுதல் தகவல் தரும். மற்றபடி, உடல் அந்தக் கிருமிக்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவதுதான் வழி. சாட்சியைப் பிடிக்கிறோம், குற்றவாளியை அல்ல. இந்த முறையின் பலம், பலவீனம் இரண்டுமே இங்கிருந்து கிளம்புபவை.

முதல் பலவீனம் காலம். உடல் எதிர்ப்பொருளைத் தயாரிக்க வாரங்கள் பிடிக்கும். உண்ணி கடித்த 3 முதல் 30 நாளுக்குள் தோலில் பரவும் தடிப்பு வரும்போது ரத்தம் எடுத்தால், நிலையான இரண்டடுக்குப் பரிசோதனை பாதிக்கும் குறைவானவர்களைத்தான் பிடிக்கிறது. எதிர்த்தரப்பு எடுத்து வீசும் "பாதிப் பேரைக் கோட்டை விடும்" என்ற வாதம் இந்தக் கட்டத்தைப் பற்றியது. இந்தக் கட்டத்தில் அது முழு உண்மை. ஆனால் அதே பரிசோதனை, மூளை நரம்பையோ இதயத்தையோ நோய் தொட்ட பிறகு பெரும்பாலோரைப் பிடிக்கிறது. முழங்கால் வீங்கும் கட்டத்தில் ஏறக்குறைய எல்லோரையும் பிடிக்கிறது. முதல் வாரத்து எண்ணை ஆறாம் மாதத்து நோயாளியிடம் காட்டுவதுதான் இந்த விவகாரத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. பெரும்பாலும் தெரியாமல் நடக்கிறது. சில இடங்களில் தெரிந்தே.

அதனால்தான் தடிப்பு தெளிவாக இருந்தால் டெஸ்ட் எடுக்கவே வேண்டாம், மருந்தைத் தொடங்குங்கள் என்கின்றன தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு நெறிகள். நியாயமான அறிவுரை. ஒரு குறை உண்டு. பாடப்புத்தகத்தில் வரும் தடிப்பு, நடுவில் சிவந்து சுற்றிலும் வளையமிட்டிருக்கும் படம், வெள்ளைத் தோலில் எடுத்தது. நம் மாநிறத்திலோ கறுப்புத் தோலிலோ அது அப்படிச் சிவக்காது. கன்றிப்போன மாதிரி, ஊதாவாகவோ பழுப்பாகவோ, சில சமயம் வெறும் கருமையாகவோ தெரியும். வளையமும் எல்லோருக்கும் வராது. பார்த்துக் கண்டுபிடியுங்கள் என்ற அறிவுரை, கண்டுபிடிக்கும் கண்ணுக்கு எந்தத் தோலில் பயிற்சி கிடைத்தது என்பதைச் சார்ந்தே நிற்கிறது. எடிசனிலோ பாஸ்டன் புறநகரிலோ இருக்கும் தமிழருக்கு இது சின்ன விஷயமல்ல. சந்தேகமான தடிப்புக்கும் அதே நெறிகளில் வழி இருக்கிறது: அன்று ஒரு ரத்தம், அது நெகட்டிவ் என்றால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ரத்தம். டாக்டர் இரண்டாவது ரத்தத்தை மறந்துவிட்டால் நோயாளி கேட்டு வாங்க வேண்டும்.

இனி அந்தப் புகழ்பெற்ற பட்டைகள். 1994 அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் கூடிய மாநாடுதான் இன்றைய முறைக்கு அடித்தளம். முதல் அடுக்கு எலைசா. அது பாசிட்டிவாகவோ இரண்டும் கெட்டானாகவோ வந்தால் மட்டும் இரண்டாவது அடுக்கு, வெஸ்டர்ன் பிளாட். கிருமியின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஒரு மெல்லிய பட்டியில் பதித்து, அதன் மேல் நோயாளியின் சீரத்தை ஊற்றுவார்கள். எந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதோ அந்த இடத்தில் கோடு விழும்; அதுதான் பட்டை. ரிப்போர்ட்டில் இது 18, 23, 28, 30, 39, 41, 45, 58, 66, 93 என்று கிலோடால்டன் எண்களாக வரும். பக்கத்தில் கூட்டல் அல்லது கழித்தல். ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளில் இந்தப் பத்தில் ஐந்து இருந்தால் பாசிட்டிவ். ஐ.ஜி.எம். வகையில் 23, 39, 41 மூன்றில் இரண்டு.

நான்கு கோடு வந்தவருக்கு ஆத்திரம் வருவது இயல்பு. ஒரு கோட்டில் தவறிப்போனதா என் நோய்? 41-ஐப் பார்த்தால் பதில் புரியும். அது கிருமியின் வால் புரதம். நம் வாயில் சாதாரணமாக வாழும் சுருள் பாக்டீரியாக்களுக்கும் ஏறக்குறைய அதே வால்தான்; ஆகவே லைம் உண்ணியைக் கண்ணால் பார்த்திராத ஆரோக்கியமானவர் பலருக்கும் 41-இல் கோடு விழும். ஒன்றிரண்டு கோடு என்பது எதையும் நிரூபிக்காது. ஐந்து என்ற எண்ணிக்கை வானத்திலிருந்து விழவில்லை; நோய் உறுதியானவர்களையும் வேறு நோய் உள்ளவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை கோட்டில் இருவரும் நன்றாகப் பிரிகிறார்கள் என்று பார்த்து ஸ்டீர் குழுவினர் 1993-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. எல்லைக்கோடு எங்கே போட்டாலும் அதற்கு ஒரு விரல் அந்தப்பக்கம் யாராவது நிற்கத்தான் செய்வார்கள்.

எதிர்த்தரப்பின் வாதங்களிலேயே கூர்மையானது 31, 34 என்ற இரண்டு பட்டைகளைப் பற்றியது. இவை கிருமியின் மேலுறைப் புரதங்கள், ஓ.எஸ்.பி.ஏ., ஓ.எஸ்.பி.பி. என்று பெயர். லைம் கிருமிக்கே உரியவை என்கிற இவற்றை டியர்பார்ன் பட்டியலில் சேர்க்கவில்லை. ஏன்? ஓ.எஸ்.பி.ஏ.வை வைத்துத் தடுப்பூசி தயாராகிக்கொண்டிருந்தது, தடுப்பூசி போட்டவர்கள் பாசிட்டிவ் என்று வந்துவிடக் கூடாது என்பதற்காக நீக்கினார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். லைம்ரிக்ஸ் என்ற அந்தத் தடுப்பூசி 1998 டிசம்பரில் அனுமதி பெற்று 2002-இல் சந்தையிலிருந்து விலகியது. ஊசி போனபிறகும் பட்டை ஏன் திரும்பவில்லை என்று கேட்கிறார்கள். சந்தேகப்படத் தூண்டும் கதைதான்.

ஆனால் கிருமியின் நடத்தையைப் பார்த்தால் கதை வேறாகிறது. உண்ணியின் குடலில் இருக்கும்வரை பொரிலியா ஓ.எஸ்.பி.ஏ. சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறது. உண்ணி ரத்தம் குடிக்கத் தொடங்கியதும் அதைக் கழற்றிவிட்டு ஓ.எஸ்.பி.சி.யை அணிந்துகொண்டு மனிதருக்குள் நுழைகிறது. பட்டியலில் 23 என்று இருப்பது இந்த ஓ.எஸ்.பி.சி.தான். மனித உடல் ஆரம்பத்தில் பார்ப்பது இந்தப் புதுச் சட்டையை, ஓ.எஸ்.பி.ஏ.வுக்கு எதிர்ப்பொருள் வருவது பெரும்பாலும் மாதங்கள் கழித்து, மூட்டு பாதித்த பிறகு. அந்தக் கட்டத்தில் மற்ற பட்டைகள் ஏற்கெனவே ஐந்தைத் தாண்டியிருக்கும். ஆகவே 31-ஐயும் 34-ஐயும் சேர்ப்பதால், தவறவிடப்படும் ஆரம்ப நோயாளிகளில் அநேகமாக யாரும் மீட்கப்பட மாட்டார்கள். சதி நடந்ததா இல்லையா என்று வாதாடவே வேண்டியதில்லை; இந்த மாற்றம் பயன் தராது என்பதே போதும்.

"டியர்பார்ன் அளவுகோல் நோய்க் கணக்கெடுப்புக்கு, நோயறிதலுக்கு அல்ல" என்ற இன்னொரு வாதமும் அடிக்கடி வரும். இது இரண்டு ஆவணங்களைக் குழப்பிக்கொள்வது. கணக்கெடுப்புக்கான நோய் வரையறை ஒன்று தனியாக இருக்கிறது; அதை நோயறிதலுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று சி.டி.சி.யே சொல்லியிருக்கிறது. பட்டைகளை எப்படி வாசிப்பது என்ற டியர்பார்ன் பரிந்துரை நோயாளியின் ரத்தத்துக்காகவே எழுதப்பட்டது.

ஐ.ஜி.எம்.மை மட்டும் நான் கடுமையாகவே பார்க்கிறேன். அது முதல் 30 நாளுக்கு மட்டும் உரியது. மூன்று மாதமாக உடல்வலி என்பவரின் ரிப்போர்ட்டில் ஐ.ஜி.ஜி. நெகட்டிவ், ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்று வந்தால் அதைப் பொய்ப் பாசிட்டிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உண்மையான தொற்றாக இருந்தால் அதற்குள் ஐ.ஜி.ஜி. வந்திருக்கும். ஐ.ஜி.எம். கோடுகள் மங்கலாக விழும். கண்ணால் வாசிக்கும் தொழில்நுட்பர் ஒருவர் கோடு என்பார், இன்னொருவர் இல்லை என்பார். இந்த 30 நாள் விதியை மறந்து கொடுக்கப்பட்ட ஆன்டிபயாட்டிக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. நம் ஊரில் ஒரே ஒரு வைடால் டெஸ்ட்டை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று முத்திரை குத்துவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கூத்து புதிதாக இருக்காது.

தனிச் சிறப்பு ஆய்வகங்களின் கதை இங்கேதான் வருகிறது. அவற்றில் சில, டியர்பார்ன் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டுச் சொந்த அளவுகோல் வைத்துக்கொள்கின்றன. குறைந்த பட்டைகள் போதும் என்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரையன் ஃபாலன் இதைச் சோதித்துப் பார்த்தார். இவர் நாட்பட்ட அறிகுறிகளோடு அல்லாடும் லைம் நோயாளிகள்மீது அக்கறை உள்ளவர் என்று பெயரெடுத்தவர். ஆகவே அவருடைய முடிவை விரோதியின் வேலை என்று தள்ளிவிட முடியாது. முன்பு லைம் வந்து சிகிச்சைக்குப் பிறகும் அறிகுறி தொடரும் நோயாளிகள், 40 ஆரோக்கியமானவர்கள் என்று இரு தரப்பு ரத்தத்தையும் நான்கு ஆய்வகங்களுக்கு அனுப்பினார். 2014-இல் வெளியான முடிவில், சிறப்பு ஆய்வகம் ஒன்று தன் சொந்த அளவுகோலின்படி அந்த ஆரோக்கியமானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைப் பாசிட்டிவ் என்றது. இத்தோடு அந்தச் சொந்த அளவுகோலின் வழக்கு முடிந்துவிட்டது என்பது என் எண்ணம். நோயாளி எல்லோரையும் பிடிக்கும் பரிசோதனையைச் செய்வது சுலபம். வருகிற எல்லோரையும் பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டால் போயிற்று.

இதில் ஒரு சின்னக் கணக்கு உதவும். லைம் அரிதான இடத்தில், தீராத அசதி என்று வரும் 1000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் 5 பேருக்குத்தான் உண்மையில் நோய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவரை மட்டுமே தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்லும் அருமையான பரிசோதனைகூட இங்கே 10 பொய்ப் பாசிட்டிவைத் தரும். 15 பாசிட்டிவில் 10 பொய். அதே பரிசோதனையை, கனெக்டிகட் காட்டோரத்தில் ஒரு முழங்கால் மட்டும் வீங்கி வரும் 1000 பிள்ளைகளிடம் செய்தால், 300 பேருக்கு உண்மையில் லைம் என்றால், பொய் 7-தான். சோதனைக் குழாய் அதே, இயந்திரம் அதே. நம்பகம் மட்டும் தலைகீழாக மாறிவிட்டது. இனி முதல் கூட்டத்திடம், ஆரோக்கியமானவரில் பாதிக்கும் மேற்பட்டோரைப் பாசிட்டிவ் ஆக்கும் அளவுகோலைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? 5 நோயாளிகளோடு 500-க்கு மேற்பட்ட நோயில்லாதவர்களும் லைம் நோயாளிகளாக வீடு திரும்புவார்கள்.

"எங்கள் ஆய்வகம் சி.எல்.ஐ.ஏ. சான்று பெற்றது" என்ற வரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தச் சான்று ஆய்வகம் ஒழுங்காக நடக்கிறதா, ஆட்களுக்குத் தகுதி உண்டா என்பதைப் பற்றியது. அந்தப் பரிசோதனை நோயை உண்மையிலேயே காட்டுமா என்பதை அது சோதிப்பதில்லை. ஆய்வகங்கள் தாமே உருவாக்கிக்கொள்ளும் பரிசோதனைகளைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர, அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 மே மாதம் விதி போட்டது. 2025 மார்ச்சில் டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே சல்லடை இப்போதும் வாடிக்கையாளரின் கையில்தான். எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றதா, அல்லது நியூயார்க் மாநிலம் தனியாகப் பரிசீலித்து அனுமதித்ததா என்று கேட்பது சரியான கேள்வி.

சிறுநீரில் லைம் புரதம் தேடுவது, சி.டி.57 அணுக்களை எண்ணுவது, லிம்போசைட்டைத் தூண்டிப் பார்ப்பது ஆகியவற்றைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்றுக்கும் லைமைக் கண்டறியும் தகுதி நிரூபிக்கப்படவில்லை. இவற்றில் சிலவற்றைப் பற்றி 2005-லேயே சி.டி.சி. எச்சரித்தாயிற்று. கடித்த உண்ணியையே பரிசோதனைக்கு அனுப்புவதும் அப்படித்தான்: உண்ணியில் கிருமி இருந்தால் உங்களுக்குத் தொற்றியது என்று ஆகாது, இல்லையென்றால், நீங்கள் பார்க்காத இன்னொரு உண்ணி கடித்திருக்கலாம். கசகசா அளவுள்ள இளம் உண்ணியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எந்த வகை உண்ணி, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்பதுதான் பயனுள்ள தகவல். கறுங்கால் உண்ணி, 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியது, லைம் மிகுந்த பகுதி என்றால், பிடுங்கிய 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் 200 மி.கி. ஒரே வேளை. டெஸ்ட் வேண்டியதில்லை.

ஆக, லைமுக்கு என் தேர்வு: திருத்தப்பட்ட இரண்டடுக்கு முறை. 2019 ஜூலையில் எஃப்.டி.ஏ. அனுமதித்த இதில் இரண்டாவது அடுக்கும் எலைசாதான். கண்ணால் கோடு வாசிக்கும் வேலை இல்லை. ஆரம்ப நோயாளிகளைப் பழைய முறையைவிடக் கூடுதலாகப் பிடிக்கிறது. பொய்ப் பாசிட்டிவ் கூடவில்லை. அற்புதம் என்று சொல்லமாட்டேன், முதல் வாரத்து நெகட்டிவ் இதிலும் நம்பத்தக்கதல்ல. பட்டைகளைக் காணோமே என்று சிலர் குறைப்படுகிறார்கள். பட்டைகளை வைத்து ஜோசியம் பார்த்த அனுபவத்துக்குப் பிறகு அந்த இழப்பை நான் பெரிதாக எண்ணவில்லை. ஆய்வகத்தில் பழைய முறைதான் உண்டு என்றால் அதுவும் போதும். முடிவை மாற்றுவது ஆய்வகத்தின் பெயரல்ல, ரத்தம் எடுத்த நாள். முதல் ரத்தம் நெகட்டிவ், சந்தேகம் தீரவில்லை என்றால், அதே ஆய்வகத்துக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு குழாய் அனுப்புவது, ஆயிரம் டாலருக்கு வேறு ஆய்வகம் தேடுவதைவிட எத்தனையோ மேல்.

வர்ஜீனியாவின் தாளில் எனக்குள்ள குறையும் இதுதான். நெகட்டிவ் என்றால் நோயில்லை என்று ஆகாது என்பது இரண்டாம் வாரத்தில் உயிர் காக்கும் அறிவுரை. சிகிச்சையே எடுக்காமல் ஆறு மாதம் அறிகுறியோடு இருந்து, ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் என்று வந்தவரிடம் அதே வாக்கியத்தைக் கொடுப்பது, அவருடைய உண்மையான நோயைத் தேடவிடாமல் தடுப்பது. 2018-இல் காலாவதியான அந்தச் சட்டம் இரண்டு பேருக்கும் ஒரே தாளை நீட்டியது.

லைமோடு சேர்ந்து உண்ணி வழியே வரக்கூடிய உடன் தொற்றுகளுக்குப் போனால் நியாயங்கள் இடம் மாறுகின்றன. லைமுக்கு எதிர்ப்பொருள் சரி, ரத்தத்தில் கிருமியைத் தேடுவது வீண் என்றேன். அனாபிளாஸ்மாவுக்கும் பபீசியாவுக்கும் நேர் எதிர். இரண்டும் ரத்த அணுக்களுக்குள்ளேயே குடியிருப்பவை. அனாபிளாஸ்மா வெள்ளணுக்களில் நியூட்ரோஃபிலுக்குள் கொத்தாக இருக்கும். பபீசியா சிவப்பணுவுக்குள் மலேரியா போல வளையமாக, எப்போதாவது நான்கு சேர்ந்து சிலுவையாக. காய்ச்சல் நாட்களில் பி.சி.ஆரும் ரத்தத் தடவலும் இவற்றை நேரடியாகக் காட்டும். அப்போது எதிர்ப்பொருள் தேடுவதில் அர்த்தமில்லை: அனாபிளாஸ்மாவில் முதல் வாரம் அது இருக்காது; பபீசியாவில் குணமாகி ஓர் ஆண்டு கழித்தும் மிச்சமிருக்கும். ஒற்றை ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் பழைய சந்திப்பையா இன்றைய நோயையா சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இவற்றைத் தேட வேண்டியவர் யார் என்பதை விலை குறைந்த சாதாரண ரத்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும். வெறும் லைம், தட்டணுக்களையோ வெள்ளணுக்களையோ இறக்காது. கடும் காய்ச்சல், தலைவலி, தட்டணு குறைவு, வெள்ளணு குறைவு, கல்லீரல் என்சைம் ஏற்றம் என்றால் அனாபிளாஸ்மா பி.சி.ஆர்.; முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின். லைமுக்கும் அதே மருந்து என்பதால் இங்கே தவறினாலும் தப்பிவிடலாம். பபீசியாவில் தப்ப முடியாது. அதற்கு டாக்சிசைக்ளின் வேலை செய்யாது, அட்டோவாகோனும் அசித்ரோமைசினும் வேண்டும். லைமுக்கு மருந்து எடுத்தும் காய்ச்சல் தணியாமல் ஒரு நாளுக்கு மேல் நீடிக்கிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது, சிறுநீர் கறுக்கிறது என்றால் தடவலும் பபீசியா பி.சி.ஆரும் அன்றே. தெற்கு மாநிலங்களில் தனி நட்சத்திர உண்ணி கடித்திருந்தால் எர்லிக்கியா. தலைவலியும் குழப்பமுமாக மூளை அழற்சி என்றால் பொவாசன் வைரஸ்; அதற்கு மாநிலச் சுகாதாரத் துறை மூலம் அனுப்ப வேண்டும், கடைப் பேனலில் தேட வேண்டியதில்லை.

பேனலின் கோளாறு புரிந்திருக்கும். பத்து கிருமிக்குப் பத்து எதிர்ப்பொருள் பரிசோதனை என்று தொகுப்பாக எடுத்தால், ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஐந்து பொய் சொன்னாலே, எந்த நோயும் இல்லாத பத்துப் பேரில் நாலு பேருக்கு ஏதாவது ஒன்று பாசிட்டிவாக வரும். அதில் பார்டனெல்லா கட்டாயம் இருக்கும். பூனைக் கீறலிலும் தெள்ளுப்பூச்சியிலும் வரும் பார்டனெல்லா, அமெரிக்காவில் உண்ணி மூலம் மனிதருக்கு வருகிறது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இதுவரை இல்லை. வீட்டில் பூனை வளர்ப்பவரின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்து, அதை லைமின் கூட்டாளி என்று எழுதி வைத்தால் அவருக்குக் கிடைப்பது மாதக்கணக்கில் மருந்து. 2017-இல் சி.டி.சி. வெளியிட்ட ஐந்து நோயாளிகளின் விவரத்தைப் படித்தவர்களுக்கு அந்த மருந்தின் விலை தெரியும்: நாட்பட்ட லைம் என்ற பெயரில் நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் எடுத்து, சிரையில் பொருத்திய குழாய் வழியே ரத்தத்தில் கிருமி ஏறி, தீராத குடல் தொற்று வந்து, அதில் மரணமும் உண்டு.

ஓர் இடத்தில் இரு தரப்புக்குமே பதில் இல்லை. லைமுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்தும் மாதக்கணக்கில் அசதி, வலி, மறதி என்று தவிப்பவர்கள் உண்டு. அவர்கள் கற்பனை செய்யவில்லை. அவர்கள் உடலில் கிருமி இருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை எதுவும் இன்று கிடையாது. எதிர்ப்பொருள் பத்து, இருபது ஆண்டுகூட நீடிக்கும் என்பதால் மறுபடி மறுபடி டெஸ்ட் எடுப்பது குணமானதையும் சொல்லாது, குணமாகாததையும் சொல்லாது. இவர்களுக்கு டெஸ்ட் விற்பவர்கள்மீது எனக்கு மரியாதை இல்லை.

கோடையில் பிள்ளைகள் வீட்டுக்கு நியூஜெர்சி போய்விட்டுச் சென்னை திரும்பும் பெற்றோர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வந்த பத்தாம் நாள் காய்ச்சல், தட்டணு குறைவு என்றால் இங்கே எல்லோரும் டெங்கு என்பார்கள். அனாபிளாஸ்மாவும் அதே முகத்தோடுதான் வரும். ரத்தத் தடவலில் வளையம் தெரிந்தால் லேப் மலேரியா என்று எழுதும். பபீசியா வளையமும் ஃபால்சிபாரம் வளையம் போலவே இருக்கும், பழக்கமில்லாத கண் பிரித்தறியாது. டெங்கு நெகட்டிவ், மலேரியா ரேபிட் கார்டு நெகட்டிவ், தடவலில் மட்டும் வளையம் என்று வந்தால், எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று கேட்க வேண்டும். மண்ணீரல் எடுக்கப்பட்டவரா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்; பபீசியா அவர்களைத்தான் வேகமாகக் கொல்லும்.